பச்சை முள்முடி

எங்கள் பிலோமி அக்காவுக்குச் செடி வைக்கிற ராசி இல்லை என்று தெருவே சொல்லும். ராயபுரத்தில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கிற வீட்டுக் கொல்லையில் யார் வைத்தால்தான் என்ன வரும்? அடியில் உப்பு மணல். கிணற்றில் உப்புத் தண்ணீர். பேசின் பிரிட்ஜ் கரி மின்நிலையத்துப் பக்கமிருந்து காற்று அடித்தால் இலையெல்லாம் கரித்தூள். அக்கா ரோஜா வைத்தாள், பட்டுப்போனது. மல்லி வைத்தாள், அதுவும் போனது. பிள்ளை பெறாதவள் கை அப்படித்தான் என்று ஒருத்தி குழாயடியில் சொன்னாள். அந்தப் பொம்பளையோடு நான் இன்றுவரை பேசுவதில்லை.

நான் கஸ்பார், அக்காவின் தம்பி. ரயில்வே யார்டில் வேலை. கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் அக்கா வீட்டிலேயே தின்றுகொண்டு கிடந்தவன். அக்காவின் புருஷன் வால்டர் மாமா ஹார்பரில் வின்ச் டிரைவர். கப்பலின் வயிற்றிலிருந்து சரக்கைத் தூக்கி வெளியே இறக்குகிற இயந்திரம்தான் வின்ச். மேலே நிற்கிறவன் கையால் சாடை காட்டுவான், அந்தக் கையை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எடுத்தால் கீழே நிற்கிற ஆள் சட்னி. பதினாறு வருடத்தில் மாமாவால் ஒருத்தனுக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை.

அறுபத்து மூன்றில் அந்தச் செடி வந்தது. ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்கா சமையல் செய்துகொண்டிருந்த ஆங்கிலோ இந்திய வீட்டு ஃப்ளோரா அம்மா, குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். நாற்காலியை ஒருத்தருக்கும் பியானோவை ஒருத்தருக்கும் கொடுத்துவிட்டு, அக்காவுக்குப் பெயிண்ட் டின்னில் இருந்த ஒரு முள்குச்சியைக் கொடுத்தார்.

"இது ஏசு தலைல வெச்ச முள்ளு பிலோமி. தண்ணி ரொம்ப ஊத்தாதே, அது போதும். குச்சி வெட்டினா பால் வரும். அந்தப் பால் காயறவரைக்கும் நாலு நாள் வெச்சிட்டு அப்புறம் நடு. கையை நல்லா கழுவு."

அக்கா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நான் யார்டிலிருந்து வெந்த கரிக்கசடு கொண்டுவந்தேன். அதையும் செங்கல் பொடியையும் மணலில் கலந்து நட்டாள். பிடித்துக்கொண்டது. எந்த மாதமும் இலை பச்சை. விரல் நீள முள், நடுநடுவே இரண்டிரண்டாகச் சின்னச் சிவப்புப் பூ. அதிலிருந்து வெட்டி, காயவைத்து, நட்டு, ஏழு வருடத்தில் கொல்லைச் சுவரோரம் இடுப்பு உயரத்துக்கு வேலியே எழும்பிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் வந்து இலையைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார்கள். குழாயடிப் பொம்பளையும் ஒரு குச்சி கேட்டு வந்தாள். அக்கா கொடுத்தாள். நானாயிருந்தால் முள்ளை மட்டும் கொடுத்திருப்பேன்.

மடகாஸ்கர் என்ற தீவிலிருந்து வந்த செடி அது, ஜெருசலேமுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது என்று பிற்பாடு ஒரு காலேஜ் வாத்தியார் சொன்னார். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை.

எங்கள் தெருக் கோயிலில் ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கிழமையும் ஆண்டவர் சிலுவை சுமந்து தெருத்தெருவாகப் போகிற நாடகம் நடக்கும். ஆண்டவர் வால்டர் மாமாதான். வேஷம் கட்டுகிறவருக்கு ஒரு கட்டு உண்டு. பெரிய வியாழன் பூசையில் கோயில் மணி நிற்கும். அப்போது அவர் வாயும் நிற்க வேண்டும். ஈஸ்டருக்கு மணி அடித்த பிறகுதான் பேசலாம். நடுவில் ஒரு வார்த்தை பேசினாலும் தெருவுக்கே ஆகாது என்பார்கள். நாங்கள் எல்லாரும் அதை நம்பினோம். நானும்தான் நம்பினேன்.

முன்பெல்லாம் கயிற்றில் ஈச்சமுள் செருகிய முடிதான் வைப்பார்கள். அக்காவின் செடி வளர்ந்த பிறகு அந்தக் கயிற்று முடி கோயில் பெட்டிக்குள் போய்விட்டது. பெரிய வெள்ளிக்கு முந்தின குருத்தோலை ஞாயிறன்று அக்கா நீளமாக நாலு குச்சி வெட்டுவாள். பால் வடிந்து வதங்கினதும் வளைத்து, கம்பி போட்டுக் கட்டி, பரணில் வைப்பாள். வெள்ளிக்குள் சுக்காகக் காய்ந்துவிடும். வருடத்தில் அந்த ஒரு நாள் அவளைப் பார்க்க வேண்டும். ராசியில்லாத கை என்று சொன்ன தெரு முழுக்க அவள் கட்டின முடிக்கு முன்னால் முழங்கால் போடும்.

எழுபதாம் வருடம் அதை நான் கெடுத்தேன். வியாழக்கிழமை ஈஸ்டருக்கு வாங்கிய அரிசி மூட்டையைப் பார்க்காமல் பரணில் தூக்கிப் போட்டேன். வெள்ளி காலையில் மாமா கோயிலுக்குப் போன பிறகு அக்கா பரணில் கைவிட்டாள். முடி தூள்தூளாகக் கிடந்தது.

"எவன்டா இங்க மூட்டைய வெச்சது?"

"நான்தாங்க்கா. பழைய கயித்து முடி கோயில் பொட்டில கீதுல்ல, இந்த ஒரு வருசம் அத்த வெச்சிக்கட்டுமே."

"நாலு வருசமா எங்கூட்டு முள்ளு போயிகினு கீது. இன்னிக்கு மட்டும் கயிறுன்னா ஊரு இன்னா பேசும்?"

"பச்சையா கீதேக்கா. பாலு வருமே."

"சாம்பல் போட்டுத் தொடச்சிடுறேன். மத்தியானத்துக்குள்ள காஞ்சிடும், போடா."

அருவாமணையால் வெட்டினாள். வதங்காத குச்சி வளைய மறுத்தது. வளைத்தாள். விரலெல்லாம் குத்தி ரத்தம். சிவப்புப் பூவோடு, பச்சை இலையோடு இருந்த அந்த முடி அழகாகத்தான் இருந்தது. அதை நானே என் வாயால் சொன்னேன்.

இரண்டு மணி வெயிலில் ஊர்வலம் கிளம்பியது. ரோமச் சேவகன் வேஷக்காரன் வழக்கப்படி பிரம்பால் முடியின் மேல் தட்டினான். தட்டத் தட்ட முறிந்த இடத்திலெல்லாம் பால் கசிந்து, வியர்வையோடும் சிவப்புச் சாயத்தோடும் மாமாவின் கண்ணில் இறங்கியது. இரண்டு கையும் சிலுவையில். துடைக்க வழியில்லை. வாயைத் திறக்கக் கூடாது. முதல் தெரு முடிவதற்குள் கண்ணிலிருந்து தாரையாகக் கொட்ட ஆரம்பித்துவிட்டது. இத்தனை வருடத்தில் மாமா இப்படி நடித்ததில்லை என்று ஜனம் தேம்பியது. மீன் விற்கிற புஷ்பவல்லி கூடையை இறக்கிவைத்துக் கும்பிட்டாள். "சாமி நெசமாவே அழுவுதே" என்றாள். அக்காவும் நானும் பெருமையாக அழுதுகொண்டே பின்னால் போனோம். மூன்று மணி நேரம்.

வீட்டுக்கு வந்தபோது இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன. பாலாக இருக்குமோ என்று கேட்டேன். மாமா கையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று. அக்கா விளக்கெண்ணெய் விட்டு ஈரத்துணி போட்டாள். சனிக்கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டியவன் நான். கட்டு முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஈஸ்டர் மணி அடித்து முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் வழியாக வெயில் அவர் முகத்திலேயே விழுந்துகொண்டிருந்தது. மாமா முதல் வார்த்தை பேசினார்.

"பிலோமி, இன்னும் விடியலையா?"

ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் இருந்தார். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் எண்ணெய்க் காகிதம் வழியாகப் பார்க்கிற அளவுக்குத்தான் மிஞ்சியது. டாக்டர் வயதானவர், கோபப்படவில்லை. "அன்னிக்கே ரெண்டு சொம்பு நல்ல தண்ணி ஊத்திக் கழுவியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காதும்மா" என்றார். அக்கா அந்த வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதற்குப் பிறகு சொம்பை எடுக்கும்போதெல்லாம் ஒரு நொடி நின்றுதான் எடுப்பாள்.

ஒற்றைக் கண்ணுக்கு வின்ச் கொடுப்பார்களா? ஷெட்டில் சாக்குத் தைக்கிற வேலை கொடுத்தார்கள். மாமா தடவித் தடவித் தைத்தார். தூரத்தில் வின்ச் ஓடும் சத்தத்தை வைத்தே எந்தக் கப்பல், யார் ஓட்டுகிறான் என்று சொல்வாராம்.

அக்கா செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தினாள். சாகட்டும் என்றாள். அந்தச் சனியன் தண்ணீர் இல்லாமல் முன்னைவிடப் பூத்துத் தொலைத்தது. ஒருநாள் வெட்டிச் சாய்க்கக் கத்தியோடு போனாள். மாமா தடவிக்கொண்டே வந்து கையைப் பிடித்தார். "வுடு மே. அது இன்னா பண்ணிச்சி? முடி ஒடஞ்சிபோச்சி, வேற வழியில்ல, நீ வெட்ன. அவ்ளோதான்."

வேறு வழி இருந்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். சாப்பாடு போடும்போது அக்கா என் முகத்தைப் பார்க்க மாட்டாள். நானும் பார்க்க மாட்டேன். ஆறு வருடம் ஒரே வீட்டில் அப்படி இருந்தோம்.

எழுபத்தாறில் பெரிய வெள்ளி. இப்போது ஆண்டவர் வேஷம் எங்கள் தெருப் பையன் துரைக்கு, தலையில் பழைய கயிற்று முடி. ஊர்வலம் எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. மாமா நாற்காலியில் உட்கார்ந்து கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். சத்தம் தேய்ந்ததும் அக்கா அவர் காலடியில் உட்கார்ந்தாள். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருடா" என்றாள்.

"யோவ். அன்னிக்கு கயித்து முடி பொட்டியிலயே இருந்துச்சி. கஸ்பாரு சொன்னான். நான்தான் வாணான்ட்டேன்."

மாமா அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"தெரியும் மே. அங்கி எடுக்க பொட்டிய தொறந்தவன் நானுதான? மேலயே கெடந்துச்சி. கைல எடுத்து வெச்சிகினு இருந்தேன். நீ வந்துட்ட."

"தலைய ஆட்டியிருக்கலாமேய்யா."

"ஆட்டியிருக்கலாம். உன் வெரலெல்லாம் ரத்தம். மூஞ்சில அப்டி ஒரு சிரிப்பு." வலது கண்ணைக் கசக்கினார். "நான் கடைசியா நல்லா பாத்தது அதான்."

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து உள்ளே போனாள். நல்ல தண்ணீர்ப் பானையில் சொம்பை முக்குகிற சத்தம் கேட்டது. வந்து மாமாவின் தலையைப் பின்னால் சாய்த்து, பார்வை போன அந்தக் கண்ணில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கழுவினாள். சட்டையெல்லாம் நனைந்தது. மாமா கண்ணைத் திறந்தபடி காட்டிக்கொண்டிருந்தார். சொம்பு காலியானதும் அக்கா இன்னொரு சொம்பு எடுத்துவர உள்ளே போனாள்.