பேனரில் நான் எழுதிய வார்த்தையும் ராணி வைத்த நாற்று முடியும்

1. இறங்காத பன்னிரண்டு பேர்

பஸ் வந்து நின்று அரை மணி நேரம் ஆகியும் ஒருவர்கூட இறங்கவில்லை. ரோஜாப்பூத் தட்டோடு நின்ற என் ஆபீஸ் பெண்கள் வெயில் தாங்காமல் மரத்தடிக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் பஸ் வாசலில் நின்றேன். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் இருந்த விவசாயப் பயிற்சி நிலையத்துக்கு அப்போது நான்தான் பொறுப்பு அதிகாரி.

வந்திருந்தவர்கள் தூரத்து மலை மாநிலம் ஒன்றில் பல வருடம் துப்பாக்கி தூக்கிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். அரசுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. சண்டை நிறுத்தம் அமலில் இருந்தது. மலையடிவாரத்தில் நிலம் தருகிறோம், நெல் போடக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசு சொல்ல, பத்து நாள் பயிற்சிக்காக எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். தலைவர் ஐம்பதை நெருங்கியவர். எல்லோரும் அவரை 'கமாண்டர்' என்றார்கள்.

கடைசியில் ஓர் ஆள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். சென்னையில் ஒரு ஓட்டலில் மூன்று வருடம் சமையல் வேலை பார்த்தவனாம். அவன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் அங்கே அவனை பாபு என்றே கூப்பிட்டிருக்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம்.

"இன்னா மேடம், பேனர்ல இப்டி எழுதிக்கீறீங்க? நாங்க எங்க சரண்டர் ஆனோம்? பேசத்தானே செய்றோம்?"

பேனரில் கொட்டை எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், 'சரணடைந்த தீவிரவாதிகளுக்கான நெல் சாகுபடிப் பயிற்சி' என்று இருந்தது. மேலிடத்து உத்தரவில் 'பேச்சுவார்த்தையில் உள்ள அமைப்பின் உறுப்பினர்கள்' என்றுதான் போட்டிருந்தார்கள். மாற்றியது நான்.

கவனக்குறைவு என்று என் ஜாயின்ட் டைரக்டரிடம் போனில் சொன்னேன். அது பொய். வேண்டுமென்றேதான் எழுதினேன். என் தம்பி பட்டாளத்தில் இருந்தவன். அந்த மலையில் கண்ணிவெடியில் அவனுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதைச் செய்தவர்களை ரோஜாப்பூ கொடுத்து வரவேற்கச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்?

பேனரைக் கழற்றிய பிறகு இறங்கினார்கள். சாப்பிட்டார்கள். அடுத்த நாள் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. மூன்றாம் நாள் சாயங்கால ரயிலுக்கு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார் கமாண்டர். இந்தப் பேச்சுவார்த்தையைக் கவனித்துவந்த டெல்லி அதிகாரி போனில் கத்தவில்லை, கெஞ்சினார். "மேடம், இவங்க இப்படித் திரும்பிப் போனா அடுத்த மாசம் யாரும் பேச உட்கார மாட்டாங்க. மறுபடி முதல்லேருந்து சண்டைதான்."

2. தம்பி போட்ட போடு

காவலுக்கு வந்திருந்த இன்ஸ்பெக்டருக்கு ஏக சந்தோஷம். "போகட்டும் விடுங்க மேடம். துப்பாக்கி எடுத்தவனுக்கெல்லாம் நாற்காலி போட்டுப் பேசினா, நாளைக்கு நாற்காலிக்காகவே நாலு பேர் துப்பாக்கி எடுப்பான்" என்றார். சரியான கேள்விதான். இன்றுவரை அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. அன்றைக்கு, நம் கட்சிக்கு ஓர் ஆள் கிடைத்தது என்று எனக்கு உள்ளுக்குள் குஷியாகவே இருந்தது.

அந்த குஷியோடு தம்பிக்குப் போன் போட்டேன். அவன் ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பாராட்டுவான் என்று நினைத்தேன்.

"ஏன்க்கா அப்படி எழுதுன?"

"உன் காலுக்காகத்தான்டா."

"என் காலுக்கு நான் கோவப்பட்டுக்கறேன். அதையும் நீயே எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

அவனே தொடர்ந்தான்.

"பேச்சு ஆரம்பிச்சதுலேருந்து அந்த ரோட்ல ஒருத்தனுக்கும் கால் போகலக்கா. என்னோட யூனிட் பசங்க இன்னும் அங்கதான் நிக்கறானுங்க. அவனுங்க முழுசா வீடு வரணும். நாளைக்கு நம்ம வயல்ல சம்பா நடவு. ரயில் சாயங்காலம்தானே? அதுக்குள்ள கூட்டிட்டு வா. சும்மா பாத்துட்டுப் போகட்டும்."

நான் கேட்டபோது கமாண்டர் யோசித்தார். கூட வந்தவர்களுக்குச் சமதள வயலைப் பார்க்க ஆசை. வகுப்பு கிடையாது, வெறும் பார்வை மட்டும் என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.

3. வழி மறிப்பு

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வயலுக்குப் புதிதாக யார் வந்தாலும், நடவுப் பெண்கள் ஒரு கட்டு நாற்றை, அதாவது ஒரு நாற்று முடியை, அவர் காலடியில் வைத்து வழி மறிப்பார்கள். ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் நகர முடியும். பயிற்சிக் கையேட்டில் உரம், பூச்சி, தண்ணீர் எல்லாம் எழுதிய நான் இதை எழுத மறந்துவிட்டேன்.

ஒற்றை வரப்பில் கமாண்டர் முதலில் நடந்தார். பின்னால் பதினொரு பேர், அப்புறம் இன்ஸ்பெக்டர், கடைசியில் நான். நடவுப் பெண்களுக்குத் தலைவி ராணி சேற்றிலிருந்து ஏறி வந்து, கமாண்டரின் காலடியில் பொத்தென்று முடியை வைத்தாள். ஏழெட்டுப் பெண்கள் கைகோத்து நின்றுவிட்டார்கள்.

பன்னிரண்டு பேரும் சொல்லிவைத்தாற்போல் நின்றார்கள். கமாண்டரின் கண் இடமும் வலமும் ஓடியது.

"ஏம்மா, இவங்க யாருன்னு தெரியுமா? வழிய விடு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"யாரா இருந்தா என்ன சார்? கலெக்டரு வந்தாலும் முடி வைப்போம்" என்றாள் ராணி.

பாபு மொழிபெயர்த்தான். கமாண்டர் முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. ஏதோ கேட்டார்.

"இது டாக்ஸான்னு கேக்குறாரு. நாங்க ரோட்டை மறிச்சு டாக்ஸ் வாங்குனா ரசீது குடுப்போம், நீங்க குடுப்பீங்களாங்குறாரு."

"ரசீதும் கெடையாது, சில்லறையும் கெடையாது" என்றாள் ராணி. பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பொறுமை இழந்து, "தள்ளுங்கம்மா" என்று முன்னால் வந்தார். கமாண்டர் கையை நீட்டித் தடுத்தார். பாபு சொன்னான்: "வழிய மறிக்கறவங்களத் தள்ளக் கூடாதாம் சார். இன்னா வேணும்னு கேட்டுப் பேசணுமாம்."

"இதை யார் சொல்றாரு பாருங்க மேடம்!" என்றார் இன்ஸ்பெக்டர். சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

அப்போது எதிர்ப் பக்கத்திலிருந்து தம்பி வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்ததால் செயற்கைக் கால் பளிச்சென்று தெரிந்தது. கமாண்டர் பார்த்தார். கால் எந்த இடத்தில் போனது என்று கேட்டார். தம்பி அந்த மலைப் பாதையின் பெயரைச் சொன்னான். பாபு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. கமாண்டரின் சிரிப்பு நின்றது. சின்னக் குரலில் ஏதோ சொன்னார்.

"அந்த ரோடு அப்போ எங்க ஏரியா சார்ங்குறாரு" என்றான் பாபு, தரையைப் பார்த்துக்கொண்டு.

எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தம்பி அவரை நன்றாகப் பார்த்தான்.

"இது என் ஏரியான்னு சொல்லு. வந்தவங்க வரி கட்டணும். காசு வேணாம். ஆளுக்கு ரெண்டு வரிசை நடணும்."

கமாண்டர் காலடியில் கிடந்த முடியைக் குனிந்து எடுத்தார். பிறகு அவரும் ஒரு நிபந்தனை போட்டார். இன்ஸ்பெக்டரும் இறங்க வேண்டும். ராணி ஒரு நிபந்தனை போட்டாள். பேனர் எழுதிய அம்மாவும் இறங்க வேண்டும். அந்தக் கதை அவள்வரை எப்படிப் போயிற்று என்பது தம்பிக்குத்தான் வெளிச்சம். பேச்சுவார்த்தை வெற்றி. இன்ஸ்பெக்டர் பூட்ஸைக் கழற்றுவதற்குள் கமாண்டர் முழங்கால் சேற்றில் நின்றார்.

நான் புடவையைச் செருகிக்கொண்டு அவருக்குப் பக்கத்து வரிசையில் இறங்கினேன். "பாபு, பேனர்ல தப்பா எழுதலை, வேணும்னே எழுதினேன். மன்னிச்சுக்கச் சொல்லு" என்றேன். கமாண்டர் குனிந்தபடியே பதில் சொன்னார். "தெரியும்ங்குறாரு மேடம். நாத்தை இவ்ளோ ஆழமா வெச்சா தூர் கட்டாது, கெளைக்காதுன்னு அந்தக்கா திட்டுது, கவனிங்கன்றாரு."

இன்ஸ்பெக்டர் நடுவயலில் வழுக்கி உட்கார்ந்தபோது, இரு பக்கத்திலிருந்தும் இரண்டு போராளிகள் கைகொடுத்துத் தூக்கினார்கள். அன்றைக்குச் சிரித்ததுபோல் என் முப்பது வருட சர்வீஸில் நான் சிரித்ததே இல்லை. சாயங்கால ரயிலுக்குப் போட்ட டிக்கெட்டைக் கேன்சல் செய்தோம். மிச்சமிருந்த ஏழு நாளும் முதல் ஆளாக வகுப்புக்கு வந்தார் கமாண்டர்.

4. இப்போது

அவர்கள் நட்ட வரிசைகள் பாம்புபோல் வளைந்து கிடந்தன. ராணி பிடுங்கி நடப் போனாள். தம்பி விடவில்லை. அந்தக் கோணல் வரிசையிலும் தை மாதம் கதிர் வந்தது.

தம்பி கமாண்டரை மன்னித்தானா என்று வேலைக்குப் புதிதாக வருபவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. மன்னித்த பிறகுதான் பேச வேண்டும் என்று நான் நினைத்திருந்தேன். அது தப்பு என்பதே என் சர்வீஸில் நான் கற்ற பாடம்.

மலையில் இன்னும் உடன்படிக்கை கையெழுத்தாகவில்லை. சுற்றுக்குமேல் சுற்றாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் பாபு எனக்குப் போன் செய்வான். "ஒண்ணும் முடியல மேடம், அடுத்த மாசம் மறுபடியும் பேசறாங்க" என்பான். தம்பி போனை வாங்கி எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பான்: "அந்த ரோடு எப்படிடா இருக்கு?"

போன வாரமும் கேட்டான். ஸ்பீக்கரில் பாபு சொன்னது எனக்கும் கேட்டது.

"ரோடு படு மோசம் சார். ஆனா இப்போ அதுல ஸ்கூல் பஸ் போவுது."