கம்பவுண்டர் வீட்டு ஆன்டிவைரஸ்

அவர் கம்பவுண்டராக ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த மருந்துக் கடையில் முப்பத்தோரு வருடம் கண்ணாடி மேஜைக்குப் பின்னால் நின்றார், அவ்வளவுதான். தெருவில் யாரோ ஒருவர் கம்பவுண்டர் என்று கூப்பிடப்போக, அது ஒட்டிக்கொண்டது. முதல் நாலைந்து வருடம் திருத்திப் பார்த்தார். அப்புறம் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

கடையில் அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. மருந்துச் சீட்டைக் கையில் வாங்கினால் அடியில் இருக்கும் கையெழுத்து வரை படிப்பார். ஒரே வேலையைச் செய்கிற இரண்டு மருந்து ஒரு சீட்டில் இருந்தால், எழுதிய டாக்டருக்குப் போன் போட்டு ஏன் என்று கேட்பார். டாக்டர்களுக்கு இது பிடிக்கவில்லை. கடை முதலாளிக்கு அதைவிடப் பிடிக்கவில்லை. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் மெல்லிய தாளை, உலகத்தில் யாரும் படிக்காத அந்தத் தாளை, ஆள் வராத நேரத்தில் முழுக்கப் படித்துவிட்டு, இருந்த மடிப்பிலேயே மடித்துத் திரும்ப வைப்பார். ஓய்வு பெற்ற அன்று கடையில் அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசளித்தார்கள். அதனோடு வந்த தாளையும் படித்தார்.

ஓய்வுக்குப் பிறகுதான் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பேரனை முகம் பார்த்துப் பேசலாமே என்று வெளியூரில் இருந்த மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். ஜன்னலோரம் தையல் மெஷின் இருந்த இடத்தில் அதை வைத்தார்கள். தையல் மெஷின் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே போய் நின்றது. அன்றிலிருந்து அலமாரியின் இடது கதவு பாதிதான் திறக்கிறது.

அதை ஓட்டிக் காட்ட வந்தவர் மைத்துனர், கம்பவுண்டரின் மனைவிக்குத் தம்பி. இன்சூரன்ஸ் ஏஜென்ட். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எந்த வீட்டுக்குப் போனாலும் எங்கே தீப்பிடிக்கும், எது தலையில் விழும் என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். கம்ப்யூட்டரைப் பார்த்ததும், ஆன்டிவைரஸ் போடாமல் இதைத் தொடவே கூடாது என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகி, தன் நண்பர் ஒருவர் கொடுத்தது என்று ஒன்றை ஏற்றினார். திரையின் ஓரத்தில் ஒரு கேடயப் படம் வந்து உட்கார்ந்தது. ஏதாவது பிரச்சினை என்றால் அந்த நண்பரைக் கூப்பிடச் சொல்லி, ஒரு போன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் விளிம்பில் ஒட்டினார். அக்காவுக்கு அது பெரிய தெம்பு.

கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் வேலை செய்தது. பொத்தானை அழுத்திவிட்டுப் போய் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் சரியாக இருந்தது. எல்லாக் கம்ப்யூட்டரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று மனைவி நினைத்தார். கம்பவுண்டர் நினைக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்துத் தேதி போட்டு, திறக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று எழுதத் தொடங்கினார். ஏழு நிமிடம் நாற்பது வினாடி. மறுநாள் ஏழு ஐம்பது. ஒன்பதாம் நாள்தான் திரையின் ஓரத்தில் இரண்டு கேடயங்கள் இருப்பதைக் கவனித்தார். கம்ப்யூட்டர் வாங்கும்போதே இலவசமாக, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று ஒரு ஆன்டிவைரஸ் வந்திருக்கிறது. அதற்கு மேல் மைத்துனர் போட்டது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு, வருகிற கோப்புகளையெல்லாம் ஆளுக்கொரு தடவை சோதித்துக்கொண்டிருந்தன.

ஒரே வேலைக்கு இரண்டு மருந்து. கம்பவுண்டருக்குக் கை பரபரத்தது. போன் போட்டுக் கேட்க டாக்டர்தான் இல்லை.

கடைத்தெருவில், செருப்புக் கடை மாடியில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஒரு ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவாள். அவளுக்குப் பின்னால் சுவரில் ஆன்டிவைரஸ் டப்பாக்கள் வரிசையாகத் தொங்கின. கம்பவுண்டர் அவற்றின் முன்னால் நின்றுகொண்டு, வீட்டில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற சாதாரண ஆளுக்கு இது தேவையா இல்லையா என்று கேட்டார். அவள் ஸ்க்ரூவை எடுத்துக் கீழே வைத்தாள். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரோடு கூடவே ஒரு பாதுகாப்பு வருகிறது, வெளியிலிருந்து இன்னொன்று வந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும், வந்தது போய்விட்டால் தானே எழுந்து வேலை பார்க்கும், வீட்டுக்கு அதுவே போதும் என்றாள். அப்டேட் கேட்டால் போடணும், கண்டதையும் அழுத்தக் கூடாது, போட்டோ எல்லாம் வேறொரு டிஸ்க்கில் ஒரு பிரதி இருக்கணும். மற்றபடி ஒன்றும் வேண்டாம்.

"அப்புறம் இதையெல்லாம் ஏம்மா விக்கிறீங்க?"

"கேக்கறவங்களுக்குக் கொடுக்கிறேன் சார். நீங்க கடையில டானிக் வித்ததில்லையா?"

முப்பத்தோரு வருடத்தில் கம்பவுண்டர் விற்ற டானிக்கை ஒரு தொட்டியில் ஊற்றினால் ஆள் நீந்தலாம். வாங்கியவர்களில் பாதிப் பேருக்கு அது வேண்டியதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவள் அதோடு விட்டுவிட்டு, வீட்டில் இருப்பது என்ன ஆன்டிவைரஸ் என்று விசாரித்தாள். கேடயம் போட்டிருக்கும் என்றார். "எல்லாத்துலயும் கேடயம்தான் சார்" என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் நீக்கப் போகிறேன் என்றதும் மனைவியின் முகம் சுருங்கியது. அவன் ஆசையாப் போட்டுக் கொடுத்தது, வந்து பார்த்தால் என்ன நினைப்பான் என்றார். நியாயம்தான் என்று கம்பவுண்டருக்கும் பட்டது. மூன்று மாத இலவசத்தை மட்டும் நீக்கினார். நான்கு நிமிடம் பத்து வினாடி. நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். வீட்டில் அமைதி, கம்ப்யூட்டரில் பாதி நேரம் மிச்சம். இரண்டும் கிடைத்ததே என்று விட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கம்பவுண்டர் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தார். மனைவி பேரனுக்கு ஸ்வெட்டர் பின்னுவதற்காக ஒரு மாதிரியைக் கம்ப்யூட்டரில் தேடிக்கொண்டிருந்தார். திரை திடீரென்று சிவப்பானது. ஆம்புலன்ஸ் போல ஊளையிட்டது. நூற்று நாற்பத்தாறு வைரஸ்கள் பிடிபட்டுள்ளன, உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும் என்று எழுத்து வந்தது. மனைவி அப்படியொன்றும் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறவர் அல்ல. திரையில் வந்த எண்ணையும், தம்பி ஒட்டிவைத்த சீட்டில் இருந்த எண்ணையும் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டும் ஒன்று. தம்பியின் நண்பர்தானே என்று தைரியமாகக் கூப்பிட்டார்.

தலையில் இன்னும் முடித் துணுக்குகளோடு கம்பவுண்டர் திரும்பி வந்தபோது, மனைவி இரண்டு கையையும் மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். போன் மேஜைமேல் ஸ்பீக்கரில் இருந்தது. திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு கோப்பைத் திறந்தது, மூடியது, அடுத்ததற்குப் போனது. சத்தம் போடாதீர்கள் என்பதுபோல் மனைவி விரலை உதட்டில் வைத்தார்.

"தம்பியோட பிரண்டு உள்ள வந்து பாத்துக்கிட்டிருக்கார்."

கம்பவுண்டர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அம்புக்குறி மகள் குடும்பத்தின் போட்டோக்களைத் தாண்டி, வங்கிக் கடிதங்கள் இருந்த இடத்துக்கு வந்து நின்றது. அவர் போனைக் கையில் எடுத்தார்.

"என்ன வைரஸ்?"

"நூத்தி நாப்பத்தாறு இருக்கு ஐயா."

"ஒண்ணோட பேர் சொல்லுங்க, போதும்."

"ரொம்ப ஆபத்தானது ஐயா."

"அது பேர் இல்லையே."

"மூணு வருஷப் பாதுகாப்பு ஒண்ணு இருக்கு ஐயா. இப்பவே போட்டுட்டா எல்லாம் சரியாயிடும்."

"நோய் பேர் தெரியாம மூணு வருஷத்துக்கு மருந்து எழுதுற டாக்டரை நான் பார்த்ததே இல்ல" என்று சொல்லிவிட்டு, கம்பவுண்டர் குனிந்து சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயா, இங்க ஒண்ணும் தெரியலையே" என்றது போன்.

"ஆமா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மனைவி எந்த வங்கி என்பதையும் மகளின் பிறந்த தேதியையும் மட்டும் சொல்லியிருந்தார். அன்றே வங்கிக்குப் போய் வேண்டியதை மாற்றினார்கள். மறுநாள் கம்ப்யூட்டரைப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றி ஆட்டோவில் செருப்புக் கடை மாடிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பெண் அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பிக்கொண்டு விளக்கினாள். இது ஆன்டிவைரஸே இல்லை. ஆன்டிவைரஸ் என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்து, கம்ப்யூட்டரோடு வந்த உண்மையான பாதுகாப்பை உட்கார வைத்துவிட்டு, சில மாதம் சும்மா இருந்து, பிறகு தானே ஊளையிட்டுத் தன் ஆளையே கூப்பிடச் சொல்கிற சாமான். அவள் எல்லாவற்றையும் துடைத்து, புதிதாக ஏற்றி, போட்டோக்களைத் திரும்ப வைத்துக் கொடுத்தாள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். கம்பவுண்டர் மனைவியைப் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்தார். நடந்ததை அரைகுறையாகக் கேள்விப்பட்டிருந்தார். இருந்த இரண்டில் ஒன்றை நீக்கியதால் வந்த வினை என்றும், தான் அப்போதே சொன்னது என்ன என்றும், இருபது நிமிடம் நின்றபடியே பேசினார். மனைவி எழுந்து போய், திரையிலிருந்து உரித்து வைத்திருந்த சீட்டைக் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்து, சிவப்புத் திரையில் வந்ததும் இதே நம்பர்தான் என்றார்.

மைத்துனர் உட்கார்ந்தார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வேறு ஏதாவது எழுதியிருக்குமோ என்பதுபோல்.

"உன் பிரண்டை நீ நேர்ல பார்த்திருக்கியா?" என்று அக்கா கேட்டார்.

பார்த்ததில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அவருடைய கம்ப்யூட்டரும் சிவப்பாகியிருக்கிறது. அவரும் கூப்பிட்டிருக்கிறார். அன்றிலிருந்து வருடா வருடம் அவர்களே போன் செய்து புதுப்பித்துக் கொடுக்கிறார்கள். நான்கு வருடமாக ஒரு வைரஸும் வரவில்லை என்பதால் நல்ல சரக்கு என்று நம்பி, அக்கா வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஆபத்தை எடுத்துச் சொல்லியே பிழைக்கிற மனிதர். இதை அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அண்ணான்னுதான் கூப்பிடுவான்க்கா" என்றார் கடைசியில். "சாப்பிட்டீங்களான்னு கேப்பான். வேற யாரு எனக்குப் போன் பண்றா?"

அக்கா அவருக்கு டீ போடப் போனார். கம்பவுண்டருக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றிருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்த ஆளிடம் அவர் பேசியது "வா", "உட்காரு", "கிளம்பிட்டியா" மூன்றும்தான். இப்போது நான்காவதாக, "உன் கம்ப்யூட்டரையும் எடுத்துட்டு வா, போவோம்" என்றார்.

இருவரும் போனார்கள். மைத்துனரின் கம்ப்யூட்டரில் அந்தக் கேடயத்தின் குடும்பமே குடியிருந்தது. பழுது பார்க்கும் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாகக் களைந்தாள். எல்லாவற்றுக்கும் அவர் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தார், அதுவும் தன் போன் நம்பரையே. அதையும் மாற்ற வைத்தாள். வேலை முடிந்ததும் மைத்துனர் சுவரில் தொங்கிய டப்பாக்களைப் பார்த்துக்கொண்டு, நல்லதாக ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளட்டுமா என்று தயங்கிக் கேட்டார். அவள் கம்பவுண்டர் பக்கம் கையைக் காட்டினாள்.

கம்பவுண்டர் ஒரு டப்பாவை எடுத்து, பின்னால் பொடி எழுத்தில் இருந்ததை நின்றபடியே முழுக்கப் படித்தார். இருவரும் காத்திருந்தார்கள்.

"எங்களுக்கு வேண்டாம். கூட வந்ததே போதும்" என்றார். "ஆனா நீ எது முன்னால வந்தாலும் சரின்னு அழுத்துற ஆள். கண்ட இடத்துக்கும் போயிட்டு வர்றே. உனக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும். ஒண்ணுதான். ரெண்டு இல்ல."

மைத்துனருக்கு அது மரியாதையாகப் பட்டதா அவமானமாகப் பட்டதா தெரியவில்லை. வாங்கிக்கொண்டார்.

அந்த எண்ணிலிருந்து மைத்துனருக்கு இன்னும் இரண்டு தடவை போன் வந்தது. முதல் தடவை எடுத்து, ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாராம். இரண்டாவது தடவை எடுக்கவில்லை. இதை அவராக யாரிடமும் சொல்லவில்லை, கம்பவுண்டர் கேட்டதால் சொன்னார்.

கம்பவுண்டர் இப்போது வாரத்துக்கு ஒரு முறை, புதன்கிழமை காலையில், மைத்துனருக்குப் போன் செய்கிறார். அப்டேட் போட்டாச்சா என்று கேட்பார். ஆச்சு அத்தான் என்று பதில் வரும். அதற்கு மேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. அந்தப் பக்கம் தெருவில் வண்டி போகிற சத்தம் கேட்கும், இந்தப் பக்கம் குக்கர் சத்தம். ஐந்து நிமிடம் அப்படியே போகும். யாரிடம் இவ்வளவு நேரம் என்று மனைவி கேட்டால், கம்ப்யூட்டர் விஷயம் என்பார்.