அப்பா போட்ட டிபன் அட்டவணை

நான் நாலாம் வகுப்பில் இருந்தபோது அப்பா எங்கள் பள்ளியின் பெற்றோர் குழுவில் சேர்ந்தார். மத்திய அரசு அலுவலகத்தில் வருடக்கணக்காகச் சுற்றறிக்கை எழுதிய கை, சும்மா இருக்குமா? பிள்ளைகள் சிப்ஸும் நூடுல்ஸும் தின்று கெடுகிறார்கள் என்று ஒரு டிபன் அட்டவணை தயாரித்தார். திங்கள் முளைகட்டிய பயறு, செவ்வாய் கீரைச் சப்பாத்தி, புதன் கேழ்வரகு அடை. பொரித்தது எந்த நாளும் கூடாது. பள்ளி அதை அச்சடித்து எல்லார் வீட்டுக்கும் அனுப்பியது.

எங்கள் வீட்டில் அதைச் சமைக்க வேண்டியவள் அம்மா. வங்கி வேலைக்கு எட்டு மணி மெட்ரோவைப் பிடிக்கிறவள். என் பஸ் ஏழு மணிக்கே வந்துவிடும். டில்லி ஜனக்புரிக் குளிரில் நாலரைக்கு எழுந்து, விரல் மரத்துப்போகும் தண்ணீரில் கீரை அலசுவாள். ஆறரைக்கு எழும் அப்பா, வந்து டப்பாவைத் திறந்து பார்ப்பார்.

"கேரட் கம்மியா இருக்கே. ரூல் போட்டவன் பொண்ணு டப்பா ஒழுங்கா இருக்க வேண்டாமா?"

"ரூல் போட்டவங்களே துருவிக் குடுக்கலாம்."

அப்பாவுக்கு அதற்குள் குளிக்க நேரமாகிவிடும்.

என் பாடு இன்னும் மோசம். வகுப்பே பயற்றை மென்றுகொண்டு என்னை முறைத்தது. பக்கத்தில் உட்கார்ந்தவள் ஒரு வாரம் பேசவில்லை.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் அப்பா அறிவித்தார். "நாளைக்கு கமிட்டி கிளாஸ் கிளாஸா வந்து டிபன் பாக்கப் போறோம். கீரை நல்லாத் தெரியற மாதிரி பண்ணிடு."

"அச்சா," என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

மறுநாள் அப்பா எழுவதற்குள் அம்மா என் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். அப்பாவும் பள்ளி முதல்வரும் வகுப்புக்குள் வந்தார்கள். என் முறை வந்ததும் டப்பாவைத் திறந்தேன். உள்ளே இரண்டு சமோசா, ஓரத்தில் புதினாச் சட்னி.

"யே க்யா ஹை, பேட்டா?" இது என்னம்மா என்று கேட்டார் டீச்சர். பின்வரிசை சிரித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்பாவின் காதுகள் சிவந்தன. டப்பா மாறிவிட்டது, இது தன்னுடையது என்று இந்தியில் சொன்னார். அலுவலகத்துக்கு அம்மா கட்டிக் கொடுத்திருந்த தன் டப்பாவைப் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்து, என்னுடையதை எடுத்துக்கொண்டு, விறுவிறுவென்று அடுத்த வரிசைக்குப் போனார்.

அவர்கள் போனபின் அதைத் திறந்தேன். அதிலும் இரண்டு சமோசா.

சாயங்காலம் அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கத்தினேன். "ரெண்டு டப்பாவிலயும் சமோசா வச்சிருக்கே. பாத்துக் கட்ட மாட்டியா?"

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நல்லா இருந்துச்சா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் ஒரு கட்டுக் கீரையைப் பரப்பி, தண்டு எது இலை எது என்று தடுமாறிக்கொண்டிருந்தார். அம்மாவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த தண்டைக் கிள்ளினார். மறுநாள் நாலரைக்கு அலாரம் அடித்தபோது எழுந்ததும் அவர்தான்.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது, பாவம், அதனால்தான் அப்பா சமையலறைக்குப் போகிறார் என்று நான் வெகுகாலம் நம்பினேன்.