மார்லிஸ் வீட்டுக்கு வராத சிட்டுகள்

மார்லிஸ் டுவெய்ட்டுக்குக் குரல் பெரிது. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசி சீட்டில் யார் யாருடைய தலையில் தட்டினாலும், கண்ணாடியில் பார்த்தபடியே ஓர் அதட்டல் போட்டு அடக்கிவிடுவாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் குரல் இறங்கவில்லை. ஒன்று தப்பென்று பட்டால் அந்த ஆளின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் மனதில் இருப்பதை மூடிவைத்துவிட்டு மழையைப் பற்றியும் பனியைப் பற்றியும் பேசுவதுதான் வழக்கம். அதனால் மார்லிஸைப் பலருக்குப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று.

அவள் கணவன் ஓரின் அதற்கு நேர்மாறு. தானியக் கிடங்கில் வேலை பார்த்தவன். வாய் திறந்து நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு விசேஷம். ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, ஷூவுக்குக் கயிறு கட்டக் குனிந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போயிற்று. மிஞ்சியது "ஆமா", "இல்ல", அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை. இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் வாயிலிருந்து அவள் கேட்டே இராத வார்த்தை.

"அது நல்ல அறிகுறிதான், பயப்படாதீங்க," என்றாள் பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண்.

"உனக்கென்னம்மா, போதகர் வந்து ஜெபம் பண்ணினப்பவும் இந்த மனுஷன் அதையேதான் சொன்னார்," என்றாள் மார்லிஸ்.

ஓரினின் நாற்காலியைச் சமையலறை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். வெளியே புல்தரையில் ஓர் இரும்புக் கம்பம்; அதில், பறவைகள் குச்சியில் உட்கார்ந்து துவாரம் வழியே விதை கொத்தும் தீனிக்குழல் தொங்கியது. அவன் நன்றாக இருந்தபோது தானே நட்டு மாட்டியது. கோடை முழுக்க அங்கே ஒரே கூட்டம். மஞ்சள் சிட்டுகளும் மார்பில் சாயம் கொட்டினாற்போல் சிவந்த சிட்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விதை கொத்தும். அணில் ஏறினால் ஓரின் அந்தக் கெட்ட வார்த்தையை உரக்கச் சொல்லுவான். ஒரு கழுத்துத் திருப்பலில், ஒரு விரல் நீட்டலில், பழைய ஓரின் எட்டிப் பார்ப்பான். மார்லிஸ் குழலில் விதை குறையவிடாமல் பார்த்துக்கொண்டாள். காலையில் காபி போடுமுன் அதுதான் முதல் வேலை.

செப்டம்பர் கடைசியில் கூட்டம் குறைந்தது. சோயா வயல்களில் அறுவடை இயந்திரங்கள் இறங்கி, ஊர் முழுக்கத் தூசி பறந்த நாட்களில், வந்த சிட்டுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேப்பிள் இலைகள் கொட்டி முடிந்தபோது அதுவும் இல்லை. குழல் நிரம்பியபடியே தொங்கியது. ஓரின் அதைப் பார்ப்பான், பிறகு திரும்பி மார்லிஸைப் பார்ப்பான்.

"என்னை ஏன் பாக்கற? நானா வர வேணாங்கறேன்?" என்பாள் அவள். அவன் முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவிட ஆரம்பித்தான். பயிற்சிக்காரி வந்தால் கண்ணை மூடிக்கொண்டான்.

அந்தச் சமயத்தில்தான் கம்பத்தடியில் கொஞ்சம் இறகுகள் கிடந்தன. பக்கத்து வீட்டு வெண்டல் பிராஸ்கின் பூனை பூட்ஸ், சாம்பல் உடம்பும் வெள்ளைப் பாதங்களுமாக, வேலியோரம் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மார்லிஸுக்கு அது போதுமாக இருந்தது. கையிலிருந்த பாத்திரத்தைக்கூட வைக்காமல் நேரே போய் வெண்டலின் கதவைத் தட்டினாள்.

"உன் பூனையை வீட்டுக்குள்ள அடை, வெண்டல். என் சிட்டு ஒண்ணு விடாம தின்னு தீத்துடுச்சு."

வெண்டல் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான். "பூட்ஸா? அதுக்குப் பாதிப் பல்லு இல்ல மார்லிஸ். படியேறவே மூச்சு வாங்குது."

"இறகு கிடக்கு. நான் கண்ணால பாத்தேன்."

"இறகைப் பாத்த. பூனை பிடிச்சதைப் பாத்தியா?"

"அங்க ஒரு மனுஷன் அந்த ஜன்னலை நம்பித்தான் உசிரோட உக்காந்திருக்கான்! டார்லீன் இருந்திருந்தா இதை இப்படி ஊர் மேய விட்டிருப்பாளா?"

டார்லீன் வெண்டலின் மனைவி. போன வருஷம்தான் போய்ச் சேர்ந்தாள். பூட்ஸ் அவளுடைய பூனை. சொல்லி முடித்தபோதே அது அதிகப்படி என்று மார்லிஸுக்குத் தெரிந்தது. ஆனாலும் திரும்பி நடந்துவிட்டாள். வெண்டல் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டான்.

இரண்டு வாரம் கழித்து, இலை கூட்டும்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னான். "பூட்ஸை என் அக்கா மக பண்ணைக்கு அனுப்பிட்டேன். உள்ள அடைச்சா ராப்பகலா கத்துது. இனிமே உனக்குத் தொந்தரவு இல்ல."

"நல்லதாப் போச்சு," என்றாள் மார்லிஸ். அப்படித்தான் அவள் வாயில் வந்தது.

பூனை போயிற்று. சிட்டுகள் வரவில்லை.

ஒரு காலை ஓரின் ஜன்னலைத் தட்டினான். இடது கையால், விடாமல். மார்லிஸ் எட்டிப் பார்த்தாள். குழலின் கீழ்க் குச்சியில் ஒரு சிவந்த சிட்டு உட்கார்ந்திருந்தது. சந்தோஷத்தில் வெளியே ஓடினாள். அது பறக்கவில்லை. கிட்டே போனாள், அப்போதும் பறக்கவில்லை. இரண்டு கண்ணும் வீங்கி, சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. விதை இருக்கும் துவாரத்தைத் தேடி அலகால் காற்றைக் கொத்திக்கொண்டிருந்தது. அவள் கால் சருகில் பட்ட சத்தத்துக்கு மிரண்டு எழும்பி, நேரே போய் ஓரினின் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுந்தது. அவள் கையில் எடுத்தபோது கழுத்து தொங்கியது. கண்ணாடிக்கு உள்ளே ஓரினின் வாய் அசைந்தது. அந்தக் கெட்ட வார்த்தைகூட வரவில்லை.

விதை வாங்கும் கடைக்கு வண்டியை விட்டாள். கடைக்காரி கொரின் முழுவதையும் கேட்டாள். "கண் நோய். இந்தச் சிட்டுகளுக்கு இலையுதிர் காலத்துல நிறைய வரும். குழலைக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"

மார்லிஸுக்கு அப்போதுதான் நினைவு வந்தது: நிலவறையில் துணி துவைக்கும் தொட்டியிலிருந்து வரும் பிளீச் வாடை. "என் தொட்டியில என்னத்தப் போட்டுக் கலக்கற?" என்று அவள் கத்துவாள், ஓரின் பேசாமல் கை துடைத்துக்கொண்டு மேலே வருவான். அவன் கலக்கியது குழலைக் கழுவத்தான்; அவன் விழுந்ததிலிருந்து அதை யாரும் கழுவவில்லை. பழைய விதை அடியில் மக்கிக் கிடக்க, அதன் மேலேயே புதிதை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எல்லாம் என்னாலயா?"

"அப்படியும் சொல்லிட முடியாது. இந்த வருஷம் காட்டுலயே விதை அதிகம், அதனாலயும் வராம இருக்கும். எது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? ஆனா இப்பக் குழலைக் கழட்டிடுங்க. நோய்ப்பட்ட சிட்டு வேற இடம் போகட்டும், கூட்டமா உரசிக்காம இருக்கும். சில வாரம் மாட்டாதீங்க."

குழலைக் கழற்றியபோது ஓரின் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்ல! இல்ல! இல்ல!" என்று நாற்காலிக் கைப்பிடியை அறைந்தான். அவள் அவன் முன்னால் மண்டியிட்டு, நிதானமாக, இரண்டு முறை சொன்னாள். புரிந்ததா என்று தெரியவில்லை. வெறும் கம்பத்தைப் பார்த்தபடி அழுதான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

மறுநாள் வெண்டலின் கதவு முன்னால் நின்றபோது மார்லிஸின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சிட்டு வராததுக்குக் காரணம் பூட்ஸ் இல்ல வெண்டல். நோய். குழலை நான் கழுவல. நீ பூனையைக் கூட்டிட்டு வந்துடு. நானே போய்க் கூட்டிட்டு வரேன், வழி சொல்லு."

வெண்டல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். "அங்க போன ரெண்டாம் நாளே காணாமப் போச்சு. சொல்ல வேணாம்னு இருந்தேன்."

"வெண்டல்..."

"அது வீட்டைத் தேடித்தான் கிளம்பியிருக்கும். அதுக்கு வழி தெரியாது." வேலியைப் பார்த்துச் சொன்னான்: "டார்லீனை இழுத்தியே, அதனாலதான் அனுப்பினேன். அவ இருந்தா உள்ளயே வச்சிருப்பாளோன்னு நானும் யோசிச்சிட்டேன்." அவன் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு தேவாலய ஆராதனை முடிந்ததும், ஓரினைத் தன் தங்கையிடம் விட்டுவிட்டு, மார்லிஸ் பண்ணைக்கு வண்டி ஓட்டினாள். அறுத்த சோள வயலோரம் நடந்து, "பூட்ஸ்! பூட்ஸ்!" என்று பள்ளிப் பேருந்துக் குரலில் கூப்பிட்டாள். வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கிண்ணத்தில் மீன் வைத்தாள். அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்ததும்.

வெண்டலின் அக்கா மகள் பாவப்பட்டுச் சொன்னாள்: "நீங்க வர்றது எனக்குத் தொந்தரவு இல்ல. ஆனா இங்க காட்டுநாய் இருக்கு. கிண்ணத்தைக் காலி பண்றது அதுங்கதான்."

"தெரியும்மா," என்றாள் மார்லிஸ்.

நவம்பர் நடுவில் முதல் பனி விழுந்தது. ஒவ்வொரு வருஷமும் வெண்டல்தான் தன் இயந்திரத்தால் இரண்டு வீட்டுப் பாதைப் பனியையும் தள்ளிவிடுவான். இந்த முறை அவன் பாதை சுத்தமாகி, எல்லையில் கோடு போட்டாற்போல் நின்றது. மார்லிஸ் மண்வாரியை எடுத்துத் தன் பக்கத்துப் பனியைத் தானே தள்ளினாள். முதுகு பிடித்துக்கொண்டது.

கழுவிக் காயவைத்த குழலை அதே வாரம் மாட்டினாள். பல நாள் ஒன்றும் வரவில்லை. பிறகு சிக்கடி என்ற கறுப்புத் தலைச் சின்னப் பறவை ஒன்று வந்து, ஒரு விதையைக் கவ்விக்கொண்டு பறந்தது. ஓரின் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்குச் சூப்பை முழுக்கக் குடித்தான். மஞ்சளோ சிவப்போ அந்தக் குளிர்காலத்தில் வரவே இல்லை. மார்லிஸ் வாரா வாரம் குழலைக் கழுவுவாள். ஒவ்வொரு முறையும் கழுவியதை ஓரினிடம் கொண்டுவந்து காட்டுவாள். அவன் உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, "ஆமா" என்பான்.

அதே நவம்பரில், நன்றி கூறும் பண்டிகைக்கு முந்தின ஞாயிறு, அவள் காரைச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். காரின் மறுபக்கக் கதவு திறந்தது. வெண்டல் ஏறி உட்கார்ந்தான். மடியில் டார்லீனின் பழைய கம்பளிச் சட்டை.

"பூட்ஸ் இந்த வாசனைக்கு வரும்," என்றான்.

அவள் பண்ணைக்கு வண்டியை விட்டாள். கொட்டகை மூலையில் அவன் சட்டையைச் சுருட்டி வைத்தான். அவள் கூப்பிட்டாள், அவனும் கூப்பிட்டான். வயலுக்கு மேல் காற்று மட்டும் வந்தது. இருட்டுவதற்குள் திரும்பினார்கள். இறங்கியதும் வெண்டல் கார்க் கதவைப் பிடித்தபடி குனிந்தான்.

"உன்னை நான் இன்னும் மன்னிக்கல, மார்லிஸ்."

"சரி."

"அடுத்த வாரம் போறப்ப கூப்பிடு."