கோமதி சிஸ்டர் வாங்கி வந்த நான்கு ஷாக்கர்கள்

கோமதி சிஸ்டர் இறந்த செய்தி வந்தபோது நான் ஹட் பே கப்பல் ஜெட்டியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டிருந்தேன். போர்ட் பிளேரிலிருந்து அவருடைய மகள் மீனா பேசினாள். "அண்ணா, அம்மா காலைல போயிட்டாங்க" என்றாள். கப்பலிலிருந்து சரக்கு இறங்கும் இரைச்சலைச் சாக்காக வைத்து "யாரும்மா?" என்றேன். எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அவள் பொறுமையாகத் திரும்பச் சொன்னாள். போனை வைத்துவிட்டு மிச்சமிருந்த மூட்டைகளையும் ஏற்றினேன். கொண்டுபோய் இறக்கினேன். வீட்டுக்கு வந்து குளித்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் கோபம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான்காம் நாள் சமூகக் கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. நீங்களும் வந்திருப்பீர்கள். பேனரில் சிஸ்டரின் படம், அதற்குப் பக்கத்தில் படத்தைவிடப் பெரிதாக, பேனர் வைத்தவர்களின் பெயர்கள். பேசியவர்கள் எல்லோரும் கருணைக் கடல் என்றார்கள், தியாகச் சுடர் என்றார்கள். சமோசா மட்டும் சூடாக இருந்தது. சிஸ்டர் கருணைக் கடலெல்லாம் இல்லை, ஐயா. வாயைத் திறந்தால் திட்டுதான். திட்டாமல் அவர் ஒருவருக்கு ஊசி போட்டு நான் பார்த்ததில்லை. மேடையில் இருந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவரோடு அதிகம் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிஸ்டருக்குத் திருநெல்வேலிப் பக்கம். அரசாங்க நர்ஸாக வேலைக்கு வந்து, பதினாறாம் கிலோமீட்டரில் இருந்த சின்ன சுகாதார நிலையத்தில் பல வருடம் இருந்தார். எங்கள் தீவில் ஊர்களுக்குப் பெயர் இருந்தாலும் ஜெட்டியிலிருந்து எத்தனையாவது கிலோமீட்டர் என்றுதான் சொல்வோம். கணவர் காலமான பிறகும் மெயின்லேண்ட் திரும்பவில்லை. ரிட்டையர் ஆன பிறகும் அதே கிலோமீட்டரில் வீடு எடுத்துத் தனியாகவே இருந்தார். நானும் அந்த ஊர்தான். பிக்கப் வைத்து ஜல்லி, சிமென்ட், பாக்கு, கொப்பரை என்று கிடைத்ததை ஏற்றுகிறவன். ஆம்புலன்ஸ் வேறு நோயாளியோடு போயிருந்தால் சிஸ்டர் எனக்குப் போன் செய்வார். நான் லோடை இறக்கி, பின்தளத்தைப் பெருக்கி, மெத்தை போட்டு, ஆளை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போவேன்.

முதலில் அப்படிக் கொண்டுபோனது பாக்கு மரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்த ஒருவரை. சிஸ்டர் பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வழி முழுக்க அவர் அலற, சிஸ்டர் கேபினின் பின்கண்ணாடியைத் தட்டித் தட்டி "ஆராம் ஸே! ஆராம் ஸே!" என்று கத்திக்கொண்டே வந்தார். மெதுவாகப் போ என்று இதற்குமேல் ஒருவர் சொல்ல முடியாது. நானும் அதற்குமேல் மெதுவாகப் போக முடியாது. இறங்கியதும் என்னிடம் வந்தார்.

"ஏ முருகேசா, கால் ஒடிஞ்ச வலி ஒரு பங்குன்னா, உன் வண்டி குடுத்த வலி ரெண்டு பங்கு."

"ரோடு அப்படி சிஸ்டர். நான் என்ன பண்றது?"

"ரோட்ட நீ போடல. வண்டி உன்னோடதுதானே? அதுக்குப் பதில் சொல்லு."

சிரித்து மழுப்பினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் ஒரு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து நின்றார். மெத்தையை வண்டியில் விரித்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மல்லாந்து படுத்தார். "ஓட்டு, ஜெட்டி வரைக்கும்" என்றார். தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் கேலியாக "டிக்கெட் எடுத்தாச்சா சிஸ்டர்?" என்று கேட்டேன். ஜெட்டியில் எழுந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு டீ குடித்தார். திரும்பும்போது முன்சீட்டில் உட்கார்ந்து, "காலி வண்டிலதானே ஆள ஏத்துத? உன் வண்டி சிமென்ட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. மனுசனுக்குத்தான் ஆகாது" என்றார். மூன்று நாள் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார்.

அவர் சொன்னது சரி. பிக்கப்பின் பின்பக்கத்தைத் தாங்குவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள். இங்கே எல்லோரும் இந்தியில் கமானி என்போம். கம்பெனி கொடுக்கும் கமானி எங்களுக்குப் போதாது. அளவுக்கு மேல் ஏற்றிப் பழகியவர்கள், அதனால் ஆளாளுக்கு இரண்டு பட்டை கூடச் செருகிவிடுவோம். லோடு இருந்தால் வண்டி அலுங்காமல் போகும். காலியாக இருந்தால் ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்பில் ஏறும். இது எங்களுக்குத் தெரியாததல்ல. அதனால்தான் மூட்டை லோடோடு இருக்கும்போது நோயாளி வந்தால் நான்கைந்து மூட்டையை இறக்காமல் விட்டு, அவற்றுக்கு நடுவே மெத்தை போடுவது வழக்கம். பாரத்துக்கு வண்டி கொஞ்சம் பணியும்.

அந்த வருடம் சிஸ்டர் லீவில் ஊருக்குப் போனார். திரும்பி வந்தபோது பெட்டியைத் தூக்கப் போன எனக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. வடகம், ஊறுகாய் இருக்கும் என்று நினைத்தேன். உள்ளே நீல நிறத்தில் நான்கு ஷாக்கர்கள், அதாவது வண்டியின் குதிப்பை அடக்கும் ஷாக் அப்சார்பர்கள். சென்னையில் ஆம்புலன்ஸுக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையைத் தேடிப்போய், என் வண்டியின் மாடலைச் சொல்லி, கேஸ் நிரப்பிய நல்ல ரகமாகக் கேட்டு வாங்கியிருக்கிறார். கப்பலில் மூன்று நாளும் தன் படுக்கைக்குக் கீழேயே வைத்திருந்தாராம். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் ஓசியில் ஷாக்கர் கிடைத்த சந்தோஷம் இருந்தது என்பதை ஏன் மறைக்க வேண்டும்?

வங்காளி மெக்கானிக் பிமல் தா, அதாவது பிமல் அண்ணன், பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினார். மாட்டிவிட்டு வண்டிக்கு அடியிலிருந்தே, "தீதி, ஸிர்ஃப் ஷாக்கர் ஸே குச் நஹீ ஹோகா. எக்ஸ்ட்ரா கமானி நிகாலோ" என்றார். கூடுதல் பட்டையைக் கழற்றாதவரை எவ்வளவு நல்ல ஷாக்கரும் வீண், அக்கா, என்பது அவர் கணக்கு. சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

"கழத்து."

"லோடு எடுக்கணுமே சிஸ்டர்."

"லோடு ரெண்டு நடையாப் போகட்டும். பிள்ளத்தாச்சி ரெண்டு நடையாப் போக முடியாதுல்லா?"

கழற்றினேன். பத்து நாளில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியை ரத்தப்போக்கோடு கொண்டுபோக வேண்டி வந்தது. வழியில் கண்ணாடியைத் தட்டும் சத்தமே வரவில்லை. பயந்துபோய் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். அந்தப் பெண் கண்ணயர்ந்திருந்தாள். "ஏன் நிப்பாட்டுன? நல்லாத்தானே போவுது, ஓட்டு" என்றார் சிஸ்டர். என் வாழ்நாளில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒரு முறைதான்.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் கூட்டத்தில் என்னால் சொல்ல முடியவில்லை.

சிஸ்டர் ரிட்டையர் ஆனார். நோயாளியோடு பின்னால் ஏறி உட்காரும் வேலை அவருக்கு முடிந்தது. அதற்கடுத்த சீசனில் எனக்கு ஒரு தடுப்புச்சுவர் வேலைக்கு ஜல்லி லோடு அடிக்கும் காண்ட்ராக்ட் கிடைத்தது. நேராகப் பிமல் தாவிடம் போய்ப் பட்டைகளைத் திரும்ப மாட்டச் சொன்னேன். "தீதி கோ போலா?" என்று கேட்டார். சிஸ்டரிடம் சொன்னாயா என்கிறார். சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சுவர் வேலை முடிந்தது, பட்டைகள் வண்டியிலேயே இருந்தன. கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் சிஸ்டர் விசாரிப்பார். "அந்தக் கமானி எங்கல?" "வீட்டுக்குப் பின்னாடி துருப்பிடிச்சுக் கெடக்கு சிஸ்டர்." ஒருமுறை குனிந்துகூடப் பார்த்தார். நீல ஷாக்கர் பளிச்சென்று தெரிந்தது. திருப்தியோடு நிமிர்ந்தார். பட்டைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. என்னை நம்பினார், அவ்வளவுதான்.

போன மாதம் விடாத மழை. காலையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு போய்விட்டது என்று அவரே சொல்லிவிட்டார். ஆம்புலன்ஸ் வேறு ஒருவரை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அதில் யாருடைய குற்றமும் இல்லை. நான் சிமென்ட் லோடோடு அந்த வழியாக வந்துகொண்டிருந்தேன். தெருவே கூடி மூட்டைகளை இறக்கியது. கடைசி நான்கு மூட்டை இருக்கும்போது பக்கத்து வீட்டு ராஜம்மாக்கா கேட்டார். "முருகேசா, இந்த நாலும் கெடக்கட்டுமா? வண்டி தூக்கிப் போடாதுல்ல?"

சிஸ்டர் வாசலில் ஒரு கதவுப் பலகையில் படுத்திருந்தார், எல்லாம் கேட்கும் தூரத்தில். கூடுதல் பட்டை இல்லாத வண்டிக்கு மூட்டை எதற்கு? விட்டுவைத்தால் என் பொய் அங்கேயே வெளுத்துவிடும். "வேணாங்கா, எறக்குங்க. இப்ப இந்த வண்டி ஆடாது" என்றேன். நான்கையும் இறக்கினார்கள். தளத்தைத் துடைத்தார்கள். சுத்தமான, காலியான வண்டியில் அவரைப் படுக்க வைத்தார்கள்.

பதினாறு கிலோமீட்டர். முதல் குழியிலேயே வண்டி எகிறியது. கண்ணாடியில் தட்டுவார் என்று காத்திருந்தேன். தட்டவில்லை. நடந்துபோகிற ஆளே முந்திவிடும் வேகத்தில் ஓட்டினேன். அப்படியும் ஒவ்வொரு குழியும் என் கைக்கு வந்து சேர்ந்தது. பின்னால் ராஜம்மாக்காதான் "ஐயோ, ஐயோ" என்று அரற்றிக்கொண்டு வந்தார். சிஸ்டரின் குரல் கேட்கவே இல்லை. ஸ்ட்ரெச்சருக்கு மாற்றும்போது அருகே போனேன். கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கசிந்திருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மழையா இருக்கு, பாத்துப் போ" என்றார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அங்கிருந்து கப்பலில் போர்ட் பிளேர் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் நடந்தது. மூன்றாவது வாரம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு முட்டிப் போய்விட்டார். இந்த வயதில் இடுப்பு முறிந்தால் இப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னதாக மீனா சொன்னாள். அந்தப் பதினாறு கிலோமீட்டரைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்டுவிடவில்லை. அவ்வளவு தைரியம் என்னிடம் என்றைக்கு இருந்தது?

அவரைக் கப்பலேற்றிய மறுநாளே பட்டைகளைக் கழற்றிப் போட்டேன். பெருமைக்குச் சொல்லவில்லை. பிக்கப் ஓட்டும் நண்பர்களே, இரங்கல் கூட்டத்தில் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தீர்களே, அதே போல உங்கள் வண்டிக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பட்டைகளை எண்ணுங்கள். எண்ணிக்கை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்ய மீனா ஹட் பேக்கு வந்தாள். சாமான்களை ஜெட்டிக்குக் கொண்டுபோக என் வண்டியைத்தான் கேட்டாள். எல்லாம் ஏற்றி முடித்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அம்மா ஆஸ்பத்திரில வர்றவங்க கிட்டல்லாம் சொல்லிட்டே இருந்தாங்க அண்ணா. முருகேசன் வண்டி வந்ததால தப்பிச்சேன், பதினாறு கிலோமீட்டரும் ஒரு ஆட்டம் தெரியலன்னு. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல" என்றாள். நான் மறுக்கவில்லை. தலையைக் கூட ஆட்டினேன்.

ஊரையே திட்டித் தீர்த்த கோமதி சிஸ்டர் எனக்கென்று விட்டுப்போனது அந்த ஒரு பொய்தான். அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அதை வைத்துக்கொண்டு உன் நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை, மீனா. உன் அம்மாவுக்கு ஒவ்வொரு குழியும் தெரிந்தது.