மேற்பல்லில் போன பஸ்

அத்தான் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பையில் பிள்ளைக்கு இரண்டு சட்டை, ஒரு சோடிச் சப்பாத்து, சின்னதாய் ஒரு சிவப்புப் பிறஷ், ஒரு பற்பசை எல்லாம் இருந்தன. பேக்கரி வாசலில் பாணுக்கே விடிய எழும்பி வரிசையில் நின்ற காலம் அது. எங்கள் தீவுக் கிராமம் சுருவிலில், எங்கள் ஒழுங்கையில் பற்பசையைக் கண்டவர்களே குறைவு. உமிக்கரியில் கொஞ்சம் உப்பைப் போட்டு விரலால் தேய்ப்போம், வாயைக் கொப்பளிப்போம், அலுவல் முடிந்தது. பிள்ளையும் அப்படித்தான். கரி பூசிய வாயோடு முற்றத்தில் ஓடி, கோழிகளுக்குப் பல்லைக் காட்டி வெருட்டுவாள்.

"அங்கை உந்தக் கரி ஒண்டும் சரிவராது," என்றார் அத்தான், கதிரையில் இருந்து தேத்தண்ணியை ஊதிக்கொண்டு. "நேசறிப் பள்ளியிலை சேர்க்கப் போறம். அவவும் துப்புரவு பாக்கிற ஆள். நீர்தான் பிள்ளையைப் பழக்கிவிட வேணும். தைப்பொங்கல் முடிய வந்து கூட்டிக்கொண்டு போறன்."

'அவ' என்றது அவருடைய புது மனிசியை. என்னுடைய அக்கா, பிள்ளை தவழத் தொடங்கும் முன்பே காய்ச்சலில் போய்விட்டா. அன்று தொடக்கம் பிள்ளை என் கையில்தான். அக்கா போனால் தங்கச்சியைக் கட்டுவது எங்கள் பக்கத்தில் புதினமில்லை. ஊர் அப்படித்தான் எதிர்பார்த்தது, என்னைப் பெத்த ஐயாவும் எதிர்பார்த்தார். அத்தானில் எனக்கு ஆசை இருந்தது என்று சொன்னால் பொய். பிள்ளை என்னோடு இருக்கும் என்றால் நான் ஆரையும் கட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தன்னுடைய கந்தோரில் வேலை செய்த ஒருவரைக் கட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வந்து சொன்னார். ஐயா வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன், குசினிக்குள், சட்டி பானைகளோடு.

அத்தான் போன மறுநாளே பிறஷை எடுத்தேன். ஐயோ, அந்தக் கூத்தை என்னவென்று சொல்ல! பற்பசை நாக்கில் பட்டதும் முகம் கோணிப்போயிற்று. "எரியுது! சத்தி வருது!" என்று என்னுடைய சீலையிலேயே துப்பினாள். அடுத்த நாள் பிறஷைக் கடித்துப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அதற்கு அடுத்த நாள் கட்டிலுக்குக் கீழே போய்ச் சுருண்டு கிடந்தாள். கெஞ்சினேன், சீனி தருவேன் என்றேன், பேய்க்குக் குடுப்பேன் என்று வெருட்டினேன். மட்டி மாதிரி வாயை இறுக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வை அப்படியே அக்காவின் பார்வை. எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு அக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தா. "எடியே, உனக்கென்ன விசரே?" என்றா. "பழக்காமல் விடன். உந்தக் காட்டுப் பிள்ளையைக் கொழும்பிலை வைச்சு என்ன செய்யிறது எண்டு, விட்டிட்டுப் போயிடுவார்."

அந்தச் சொல் எனக்குள் இனித்தது. அதை மறைக்க மாட்டேன். அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு மாவிடித்தேன். ஆனால் அத்தான் ஒன்றை நினைத்தால் செய்யாமல் விடுகிற ஆளில்லை என்பதும் எனக்குத் தெரியும். பழகினாலும் பழகாவிட்டாலும் கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறார். பழகாமல் போனால் என்ன நடக்கும்? ஏதோ ஒரு குளியலறையில் இவள் வாயை இறுக்கிக்கொண்டு நிற்பாள். முன்னால் அந்த மனிசி நிற்பா. அவ நல்லவவாகவே இருக்கட்டும். நல்லவர்களுக்கும் விடியக் கந்தோருக்குப் போகிற அவசரம் இருக்கும். அவசரத்தில் கை நீண்டுவிடும். என் பிள்ளையின் கன்னத்தில் ஒரு அடி விழக்கூடாது, அதுவும் பல்லு மினுக்குகிற விசயத்துக்காக விழவே கூடாது. அடுத்த நாள் திரும்பவும் பிறஷை எடுத்தேன்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று, அன்று முதலில் என் வாயில் போட்டுப் பார்த்தேன். வாளித் தண்ணீரை அள்ளிக் கொப்பளித்தேன். சீ! இனிப்பும் உப்பும் சேர்ந்து, நுரையும் வராமல், கொழகொழவென்று தொண்டை வரைக்கும் ஒரு அருவருப்பு. பிள்ளை சொன்னது சரிதான். எங்கள் வீட்டுக் கிணறு சவர்க் கிணறு. குளிக்க, கழுவ, வாய் கொப்பளிக்க அந்த உப்புத் தண்ணீர். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் வயலுக்கு அங்கால் உள்ள நல்ல தண்ணீர்க் கிணற்றில் வரிசையில் நின்று குடத்தில் அள்ளிவர வேண்டும். அந்தத் தண்ணீரில் எவரும் வாய் கொப்பளிக்க மாட்டார்கள். உமிக்கரிக்குச் சவர்த் தண்ணீர் தோதாகத்தான் இருந்தது. பற்பசைக்குச் சரிவராது என்பது எனக்கு ஏன் ஓடவில்லை!

குடத்துக்குள் கிண்ணத்தை விட்டு நல்ல தண்ணீரை அள்ளினேன். பின்னால் ஐயா நின்றார்.

"நல்ல தண்ணியிலை வாய் கொப்பளிக்கிறதோ? ஆர் இவ, ராசாத்தியோ?"

"ஓம், ராசாத்திதான்," என்றேன். "தைப்பொங்கல் வரும் மட்டும்."

அடுத்த நாள் விடிய, சைக்கிள் கரியரில் ஒரு குடத்தைக் கட்டிக்கொண்டு ஐயாவே நல்ல தண்ணீர் எடுக்கப் புறப்பட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் போனார்.

நல்ல தண்ணீரில் பற்பசை நுரைத்தது. "சின்னம்மா, நுரை!" என்று பிள்ளை துள்ளினாள். வாய் திறந்தது. ஆனால் திறந்த வாய் திறந்தபடி நிற்க வேண்டுமே. அதற்குத்தான் பஸ் ஓட்டினேன்.

பிறஷ்தான் பஸ். மேல் வரிசைப் பல்லில் ஒரு கடைசித் தொங்கலில் சுருவில். "றைற், றைற்!" என்று புறப்பட்டு சரவணை, வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி. அதற்குப் பிறகு பண்ணைப் பாலம், அதிலே காற்று அடிக்கும், நான் ஊதுவேன், அவள் கண்ணை மூடுவாள். மற்றத் தொங்கலில் யாழ்ப்பாணம். அங்கே கொஞ்சம் நிற்கும். பிறகு கீழ்ப்பல்லுக்கு இறங்கி, அதே வழியால் திரும்பச் சுருவிலுக்கு.

"ஏன் திரும்பி வருது?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"போன பஸ் வரத்தானே வேணும், குஞ்சு. வராட்டில் கீழ்ப்பல்லு ஊத்தையாய்க் கிடக்குமெல்லே?"

அது அவளுக்கு நல்லாய் விளங்கியது. பிறகு தானே பிறஷைக் கொண்டுவந்து என் மடியில் ஏறி இருப்பாள். எனக்கு ஒவ்வொரு நாளும் விடியவும் வேண்டும், விடியாமல் இருக்கவும் வேண்டும்.

பொங்கல் முடிந்ததும் அத்தான் வந்தார். பிள்ளை அவருக்கு முன்னால் நின்று, மேலும் கீழும் தானே தேய்த்துக் காட்டினாள். "கெட்டிக்காரி!" என்றார். என் பக்கம் திரும்பி, "நல்லாப் பழக்கிப் போட்டீர்," என்றார். மனிசன் நன்றியோடுதான் சொன்னார். நான் பிறஷைக் கழுவிப் பிள்ளையின் பைக்குள் வைத்தேன்.

புறப்படுகிற அன்று பிள்ளை அழவில்லை. புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறி, தகப்பனின் மடியில் யன்னல் பக்கமாக இருந்தாள். நான் கீழே நின்றேன். ஒரு சொட்டுக் கண்ணீர்கூட இல்லையே, இவ்வளவுதானா நான் என்று மனம் குமைந்தது. மணி அடித்தது. அப்போது தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்:

"சின்னம்மா, இது மேல்பல்லு பஸ்! கீழ்ப்பல்லிலை வந்திடுவன், என்ன?"

"ஓம் குஞ்சு," என்றேன். வேறென்ன சொல்ல ஏலும்?

அடுத்த வருசம் ஐயாவின் செத்தவீட்டுக்கு அத்தான் தனியாக வந்தார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடமாம். எல்லாரும் போன பிறகு, தேத்தண்ணியோடு இருந்தபடி, சிரித்துக்கொண்டு சொன்னார்.

"போன புதிசிலை உவள் எங்களைப் படுத்தின பாடு! மேல்பல்லை மினுக்க விடமாட்டாள். அது முடிஞ்சுதாம். கீழ்ப்பல்லை மட்டும் விடாமல் தேய்ப்பாள். காலமை, பின்னேரம், நாங்கள் பாக்காத நேரமெல்லாம் தேய்ப்பாள். பல்முரசு கிழிஞ்சு ரத்தமாய் வரும், அப்பவும் விடமாட்டாள். கடைசியிலை பிறஷைப் பறிச்சு ஒளிச்சு வைச்சம். இப்ப எல்லாம் மறந்துபோனாள்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஏன் அப்பிடிச் செய்தவள் எண்டு உமக்கேதும் தெரியுமோ?"

"தெரியாது அத்தான்," என்றேன்.