சனிக்கிழமை இருக்கை

சட்டையின் இடது கைத் தையலைப் பிரித்தவள் எழில்மதி. பிரித்த ஓரத்தை மடித்துப் பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தவர் அவள் அப்பா இளையபெருமாள். டயாலிசிஸ் ஊசியைக் கையில்தான் ஏற்றுவார்கள். சட்டைக் கையைச் சுருட்டி விட்டால் துணி இறுக்கும். சட்டையையே கழற்றினால் ஏசிக் குளிரில் உடம்பு உதறும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை திறந்து மூடும்படி செய்துவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. யோசனை அவருடையதல்ல. அடுத்த படுக்கையில் இருக்கும் சுல்தான் பீவி தன் ரவிக்கைக்கு அப்படிச் செய்திருந்தார்.

"பம்புக்கு வால்வு மாட்டுற பொண்ணு, ஊசியில நூல் கோக்க இவ்வளவு நேரமா?"

"வெளிச்சத்த மறைக்காம உக்காருங்கப்பா."

அது ஞாயிற்றுக்கிழமை மதியம். சாயங்காலம் அவள் சென்னைக்குப் பஸ் ஏறினாள். அங்கே தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரங்கள் செய்யும் நிறுவனத்தில் அவள் பொறியாளர். திங்கட்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை. திங்கள், புதன், வெள்ளி என்பது அவருடைய முறை. வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விழும். அதற்குள் உடம்பில் நீரும் உப்பும் ஏறும். இதயம் நிற்பது பெரும்பாலும் அந்த இடைவெளியின் முடிவில்தான். காரணம் அவளுக்கு முன்பே தெரியும். அவர் விஷயத்தில் அது பொருந்தும் என்று மட்டும் நினைத்துப் பார்த்ததில்லை.

இளையபெருமாள் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். திருநள்ளாறு வழியாகக் கும்பகோணம் போகும் தடத்தில் ஆயுசில் பாதியைக் கழித்தவர். மனைவி இறந்த பிறகு, காரைக்காலை அடுத்த நிரவி வீட்டில் தனியாக இருந்தார். சிறுநீரகம் பழுதான பிறகு, காரைக்காலில் ஓர் அறக்கட்டளை இலவசமாக நடத்தும் டயாலிசிஸ் மையத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. படுக்கையை அவர் கடைசி வரை 'சீட்டு' என்றே சொன்னார். புதிதாக வருகிறவர்களிடம் பெயரைக் கேட்பதற்கு முன்னால், "எங்க ஏறுனீங்க?" என்பார். இரண்டாவது கேள்வி, "கூட யாரு?" அந்த இரண்டும் தெரிந்தால் ஆளைத் தெரிந்துகொண்டதாக அவருக்கு எண்ணம்.

டெக்னீஷியன் தாமரைச்செல்விக்கு முதலில் இது பெரிய இம்சையாக இருந்தது. நான்கு மணி நேரம் அசையாமல் படுக்கவேண்டிய மனுஷர் எழுந்து எழுந்து பக்கத்துப் படுக்கையோடு பேசினால் அவள்தானே ஊசியைப் பார்க்கவேண்டும். "ஐயா, இது பஸ்ஸு இல்ல, கையை ஆட்டாதீங்க" என்பாள். "விசில் குடுத்தா ஆட்டமாட்டேன்" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மின்சாரக் கோளாறில் மையம் ஓடவில்லை. அவருடைய முறையை மறுநாளுக்குத் தள்ளினார்கள். அந்தச் சனிக்கிழமைதான் அவர் நெடுமாறனைப் பார்த்தார்.

நெடுமாறன் அம்பகரத்தூர்ப் பக்கத்துக் கூலி விவசாயி. நாற்பதைத் தாண்டாதவர். செவ்வாய், வியாழன், சனி அவர் முறை. அன்று வேர்த்து விறுவிறுத்து அவர் உள்ளே வந்தபோது நேரம் கடந்திருந்தது. அடுத்த முறை ஆட்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பாதி நேரம்தான் ஓட்டமுடியும் என்று தாமரைச்செல்வி சொன்னாள். போன மாதம் இரண்டு சனிக்கிழமை அவர் வரவேயில்லை என்பதையும் சொன்னாள். மூன்று தடவை வராதவரின் இடம் காத்திருப்பவருக்குப் போய்விடும்; அது விதி. அவர் "பஸ்ஸு லேட்டுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார். சொன்னவருக்கே அது சாக்குப் போலத் தோன்றியிருக்கவேண்டும்.

இளையபெருமாளுக்கு அது சாக்கு இல்லை. சனிக்கிழமை திருநள்ளாறு எப்படி இருக்கும் என்பதை அவர் பஸ்ஸின் படிக்கட்டில் நின்று பார்த்தவர். விடியலிலிருந்தே சனீஸ்வரன் கோயிலுக்கு வெளியூர் வண்டிகள் வந்து அடைத்துக்கொள்ளும், பஸ்ஸைச் சுற்றிவிடுவார்கள், சில நேரம் ஊருக்கு வெளியிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பும். மேற்கே இருந்து காரைக்காலுக்கு வருகிறவனுக்குச் சனிக்கிழமை என்பது வேறு தூரம். அங்கே பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனாலேயே யாரும் அதைச் சொல்லவில்லை. மையத்தில் முறை போட்டவர் வெளியூர்க்காரர். கிழமை எல்லாம் ஒன்றுதான் என்று போட்டிருந்தார்.

அன்று ராத்திரி எழில்மதியிடம் போனில் சொன்னார். முந்தின பஸ்ஸில் வரலாமே என்றாள் அவள். முந்தின பஸ்ஸும் அதே ரோட்டில்தான் வருகிறது என்றார் அவர். சனி தவறினால் வியாழனுக்கு அடுத்து அவனுக்குச் செவ்வாய்தான் என்றும் சொன்னார். அவள் நாட்களை எண்ணிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை அவர் நெடுமாறனுக்காக மையத்து டாக்டர் அறிவுச்செல்வனிடம் போய் நின்றார். இளம் டாக்டர், காதில் போனும் கையில் ரிப்போர்ட்டுமாக அலைகிறவர். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், அதுதானே நியாயம் என்றார்.

"பஸ்ஸு எல்லாருக்கும் ஒண்ணுதான் சார். படி உசரமா இருந்தா நெறமாசக்காரி எப்புடி ஏறுவா? அவ ஏறலன்னு ரைட் குடுத்துற முடியுமா?"

டாக்டர் சிரிக்கவில்லை. வரிச்சிக்குடியில் அன்னபூரணி என்று ஒரு பெண் இருக்கிறார் என்றார். இங்கே இடமில்லாமல் காசு கொடுத்து வெளியூரில் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். முடிந்த வாரம் மூன்று தடவை, முடியாத வாரம் ஒன்று. நெடுமாறன் வராத சனிக்கிழமையில் அந்த இயந்திரம் சும்மா நிற்கிறது. "அந்தம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? நீங்களே சொல்லுங்க."

அன்று இளையபெருமாள் படுக்கையில் விரல்விட்டுக் கிழமைகளையே எண்ணிக்கொண்டிருந்தார் என்று தாமரைச்செல்வி பிற்பாடு சொன்னாள்.

புதன்கிழமைக்குள் வழி கண்டுபிடித்துவிட்டார். நெடுமாறனுக்குச் சனிக்கிழமை கூடாது. திங்கள் முறையில் இருக்கும் ஒருவர் இடம் மாறினால் போதும். யார் மாறுவார்கள் என்பதும் அவருக்குப் பளிச்சென்று தெரிந்தது. சுல்தான் பீவிக்கு வெள்ளிக்கிழமை முறை. வெள்ளிக்கிழமை தொழுகை நாளாயிற்றே, மாற்றிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். சுல்தான் பீவியின் மகன் சஃபியுல்லாவைக் கடைத்தெருவில் பார்த்துப் பேசினார். பெரியவர் சொல்கிறாரே என்று அவனும் தலையாட்டினான். இளையபெருமாள் அதே கையோடு தாமரைச்செல்வியிடம் சொல்லி, அவள் டாக்டரிடம் சொல்லி, பெயர் மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை இளையபெருமாள் வந்து பார்த்தபோது சுல்தான் பீவியின் படுக்கையில் நெடுமாறன் உட்கார்ந்திருந்தார். இந்த வாரமே மாறிவிடும் என்று மகனுக்கே தெரியாததால், வழக்கம்போல வந்த சுல்தான் பீவி வாசலில் நின்றார்.

"கண்டக்டரண்ணே, இங்க வாங்க. எனக்கு எந்த நாளு தோதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?"

வெள்ளிக்கிழமை தொழுகை, அதனால்தான் என்று இழுத்தார்.

"ஜும்ஆவுக்குப் பள்ளிக்குப் போறது ஆம்புளைங்க. நான் வூட்டுல தொழுவுறேன். அன்னிக்குத்தான் எம்மவன் கடைய அடைக்கிறான், என்னைக் கொண்டாந்து வுடுறான், தொழுதுட்டு வந்து கூட்டிக்கிட்டுப் போறான். சனிக்கெழம யாவாரத்த போட்டுட்டு எவன் வருவான்? நீங்க வருவீங்களா?"

"அவன்ட்ட கேட்டேன்மா."

"ஊசி அவனுக்கா போடுறாங்க? எனக்குப் போடுறாங்க. என்னைக் கேட்டீங்களா?"

அத்தனை பேர் முன்னால். நெடுமாறன் எழுந்து செருப்பைத் தேடினார். சுல்தான் பீவியே அவரை உட்காரச் சொன்னார். இன்றைக்கு நீ பண்ணிக்க, வந்துட்டே, அடுத்த முறையில் எனக்கு இடம் இருக்கா பாக்குறேன் என்றார். தாமரைச்செல்வி உணவு இடைவேளையை விட்டுக்கொடுத்து இருவருக்கும் ஓட்டினாள்.

எழில்மதிக்கு அப்பாவிடம் பிடித்த இடம் இது. அன்று ராத்திரி போனில் அவர் இதைச் சொன்னபோது குரலில் வருத்தம் குறைவு, ஆச்சரியம்தான் அதிகம். ஆயுசு முழுக்க ஆளுக்கு ஆள் கேட்டே டிக்கெட் கிழித்தவன், இங்கே வந்து கேட்காமல் கிழித்துவிட்டேனே என்றார். விட்டுவிடலாம் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அடுத்த வாரம் திங்களும் செவ்வாயும் மையத்தின் வராந்தாவில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார். மகனைக் கேட்கவில்லை, மருமகளைக் கேட்கவில்லை. ஊசி குத்திக்கொள்கிறவரைக் கேட்டார். டாக்டரையும் கேட்டார்: எத்தனை மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆபத்து, எது வெறும் வசதிக்குறைவு. தாமரைச்செல்வியைக் கேட்டார்: ஆள் மாறினால் அவளுக்கு என்ன வேலை கூடும். இதுவரை தன்னை யாரும் அதைக் கேட்டதில்லை என்றாள் அவள்.

திங்கள் முறையில் பட்டினச்சேரி காசியம்மா இருந்தார். மீன் விற்கிறவர். வாய்க்குப் பயந்து யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லை. இளையபெருமாளும் கடைசியாகத்தான் போனார்.

"அண்ணே, புதங்கெழமை மீனுக்கு அடிச்சிக்கிட்டு நிப்பாங்க. அன்னிக்குப் பாத்து என்னை இங்க படுக்க வச்சிருக்காங்க. சனிக்கெழமை சும்மாத்தான் ஈ ஓட்டிக்கிட்டுக் கெடக்கேன். சனீஸ்வரனுக்கு வெரதம்னு பாதி சனம் மீனு பக்கமே வராது. வந்த நாள்லேருந்து மாத்திக் குடுங்கன்னு சொல்லணும்னு நெனைக்கிறேன்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"கேட்டாத்தானே சொல்லலாம். நானா வாயத் தொறந்தா சண்டைக்கு வர்றாம்பீங்க."

காசியம்மா தெற்கே இருந்து வருகிறவர். அவர் வழியில் திருநள்ளாறு இல்லை. காசியம்மா செவ்வாய், வியாழன், சனி முறைக்கும் நெடுமாறன் திங்கள், புதன், வெள்ளி முறைக்கும் மாறினார்கள். சுல்தான் பீவி பழைய இடத்துக்குத் திரும்பினார். நெடுமாறன் அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. கால் வீக்கம் வடிந்தது. நடவு நேரத்தில் அரை நாள் வயலுக்கும் போனார்.

டாக்டர் அறிவுச்செல்வன் இதை ஒரு தடவை நடந்த சமாதானமாக விட்டுவிடவில்லை. அதற்காக எழில்மதி அவரை மதித்தாள். மாதம் ஒருமுறை நோயாளிகளும் வீட்டாரும் ஊழியர்களும் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவது என்று ஆயிற்று. மூன்று தடவை விதி போகவில்லை. ஆனால் இரண்டாவது தடவையே ஆளை அழைத்து ஏன் என்று கேட்பது அதோடு சேர்ந்தது. அந்தக் கூட்டங்களில் சண்டை நடக்கும். டீ தண்ணீராக இருக்கிறது என்று தொடங்கி, ஊசி போடக் கற்றுக்கொள்ளும் புதுப் பையன் யார் கையில் முதலில் பழகுவது என்பது வரை போகும். காசியம்மா தன் கையை நீட்டினாராம். "வலிச்சா அறைவேன், சம்மதமா?" என்று கேட்டுவிட்டு.

ஒரு கூட்டத்தில் இளையபெருமாள் அன்னபூரணியைப் பற்றிப் பேசினார். உள்ளே இருக்கிறவர்களே கூடி உள்ளே இருக்கிறவர்களுக்கு வழி செய்துகொண்டோம். வெளியே நிற்கிறவர் இந்த வராந்தாவில் இல்லை. நெடுமாறனின் இடம் அவருக்குப் போயிருக்கவேண்டும், நாம்தான் மறித்தோம். அது சரியா தப்பா என்பது வேறு. அவரிடம் நேரில் சொல்லவேண்டும். அடுத்து ஓர் இடம் காலியாகும்போது எந்த நாள், எந்த நேரம் அவரால் வரமுடியும் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கவேண்டும். டாக்டர் ஒப்புக்கொண்டார். ஊழியர்களால் வெளியே போகமுடியாது. "நான் போயிட்டு வர்றேன்" என்றார் இளையபெருமாள். அந்த வாரம் காய்ச்சல். மறுவாரம் எழில்மதி ஊருக்கு வந்திருந்தாள். மகள் கிளம்பட்டும், செவ்வாய்க்கிழமை போகிறேன் என்று தாமரைச்செல்வியிடம் சொல்லியிருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரை எரித்து முடித்திருந்தார்கள்.

பால் தெளித்து முடிந்து, வெள்ளிக்கிழமை எழில்மதி மையத்துக்குப் போனாள். நன்றி சொல்லத்தான். வாசலில் நெடுமாறன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுல்தான் பீவி உள்ளேயிருந்து தலையை மட்டும் அசைத்தார். அப்பாவின் படுக்கை காலியாக இருந்தது. விரிப்பு மாற்றி, இயந்திரம் தயாராக இருந்தது.

யாருக்கு என்று கேட்டாள்.

அன்னபூரணிக்குத்தான் என்றாள் தாமரைச்செல்வி. அப்பா இறந்த மறுநாளே இடம் ஒதுக்கிவிட்டார்கள். திங்கள், புதன், வெள்ளி. காலை முதல் முறை. தகவல் சொல்லப் போன் செய்தபோது திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் எடுத்தான். சரி, வரச்சொல்கிறேன் என்றான். அந்த அம்மா இன்னும் வரவில்லை. இரண்டு தடவை ஆகிவிட்டது. அழைத்துக் கேட்கவேண்டிய நேரம். அதே போன்தான், அதே மகன்தான் எடுக்கிறான், அதே சரிதான் சொல்கிறான்.

"அந்தம்மாட்ட நேர்ல பேசுனவங்க யாரும் இல்லக்கா. ஐயாதான் போறேன்னாரு."

திங்கட்கிழமை மூன்றாவது தடவை. வரிச்சிக்குடிக்குப் போய் அன்னபூரணியைப் பார்க்கவேண்டும். நெடுமாறன் விஷயத்தைச் சொல்லவேண்டும். இந்தப் படுக்கை யாருடையது என்பதையும் சொல்லவேண்டியிருக்கும். பிறகு, விடியலில் எந்த பஸ், கூட யார், எந்த நாள் முடியும் என்று அவர் வாயாலேயே கேட்டு வரவேண்டும். இளையபெருமாள் போகாமல் விட்ட வேலை அது. வரிச்சிக்குடிக்கு எந்த பஸ் என்று எழில்மதி தாமரைச்செல்வியிடம் கேட்டாள்.